காலில் இருந்து தொடங்குங்கள்: பிரபலங்களின் பால்ரூம் ஆட்டத்துக்கு விமர்சனம் எழுதப் புதிதாக வருபவருக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை என்கிற திருவிழா முடிந்த மறுநாள் காலையில் டீக்கடைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி முழுக்கக் கணியான் கூத்து, அதாவது அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்கிற தோல் கருவியின் தாளத்துக்கு ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துப் பார்த்தவர்கள் கண் சிவந்துபோய் வந்து உட்காருவார்கள். "அண்ணாவி பாட்டு கேட்டியா வே?" என்று தொடங்கும் பேச்சு சீக்கிரமே ஆடினவர்களிடம் வந்துவிடும். "ரெண்டாவது ஆளு நல்லாத்தான் ஆடுனான். மகுடம் வேகம் புடிச்சதும் காலு பின்னால போயிட்டுலா" என்பார் ஒருவர். அதற்கு இன்னொருவர் மறுப்புச் சொல்வார். கட்டியிருந்த சேலையைப் பற்றியும் பூசியிருந்த அரிதாரத்தைப் பற்றியும் யாராவது பேசுவார்கள் என்றாலும் அது கடைசியில்தான். முதல் பேச்சு காலையும் தாளத்தையும் பற்றியதாகவே இருக்கும்.

தொலைக்காட்சியில் நடிகர்களும் செய்தி வாசிப்பவர்களும் விளையாட்டு வீரர்களும் வால்ட்ஸ், டாங்கோ போன்ற மேற்கத்திய ஜோடி ஆட்டங்களை ஆடும் போட்டிகளைப் பார்த்து எழுத வேண்டும் என்ற ஆசையோடு சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "எனக்கு அந்த ஆட்டமெல்லாம் தெரியாதே, நான் எப்படி எழுதுவது?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. கொடை பார்த்து வளர்ந்தவருக்குப் பாதி வேலை ஏற்கனவே முடிந்தது என்பது என் நம்பிக்கை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது என் ஆச்சி. பாளையங்கோட்டை வீட்டில் ஒருநாள் ஒரு வால்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிய நடிகையின் சிரிப்பும் நீல கவுனும் அப்படி மனதை அள்ளின. பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஏட்டி, அவ காலப் பாரு. முகந்தான் சிரிக்கு, காலு பயந்துபோயி கெடக்கு" என்றாள். நான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஜோடி ஆட்டக்காரர் அவரைத் தூக்கி வைக்காத குறையாக நகர்த்திக்கொண்டிருந்தார். நான் அப்போது எழுதி வைத்திருந்த விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

என்ன போட்டி, யார் ஆடுகிறார்கள்

இந்த வகைப் போட்டிகளுக்குத் தாய், பிரிட்டனின் பிபிசி 2004 மே மாதம் தொடங்கிய ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங். மறு ஆண்டே அமெரிக்காவின் ஏபிசி அதை டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ் என்று எடுத்துக்கொண்டது. 2006-இல் ஜலக் திக்லா ஜா என்ற பெயரில் இந்திக்கும் வந்தது. அடிப்படை ஒன்றுதான்: ஆடத் தெரியாத அல்லது அரைகுறையாகத் தெரிந்த ஒரு பிரபலம், அதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆட்டக்காரரோடு ஜோடி சேர்ந்து, வாரம் ஒரு ஆட்டம் கற்று மேடையேறுகிறார். நம் தமிழ்ச் சேனல்களின் ஜோடி நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்த கண்ணோடு இதற்குள் போனால் கொஞ்சம் தடுமாறும். இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் நின்று என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

பிரிட்டன் போட்டி அங்கே சனிக்கிழமை மாலையில் நடக்கும்போது இங்கே நடுச்சாமம் நெருங்கிவிடும். கண் விழிக்க வேண்டியதில்லை. ஆட்டங்கள் தனித்தனியாக யூடியூபில் கிடைக்கின்றன. எழுதுவதற்கு அதுவே வசதியும்கூட. நிறுத்தி, திருப்பி, மறுபடி பார்க்கலாம்.

மூன்று தடவை பாருங்கள்

ஓர் ஆட்டம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம்தான். மூன்று தடவை பார்த்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. எனவே இதில் சோம்பல் கூடாது.

முதல் தடவை பேனாவைத் தொடாமல் பாருங்கள். உங்களுக்குப் பிடித்ததா, எங்கே மனம் விலகியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரண்டாம் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பிரபலத்தின் கால்களை மட்டும் பாருங்கள். பாட்டு இல்லாவிட்டால் பாட்டின் அழகு ஆட்டத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. காமெரா அடிக்கடி முகத்துக்குப் போய்விடும், அந்த நேரத்தில் கால் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதீர்கள். "திருப்பம் முடிந்து காமெரா கீழே வந்தபோது எடை தவறான காலில் இருந்தது" என்று பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

மூன்றாம் தடவை ஒலியோடு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாருங்கள். வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. நமக்குத் தெரிந்த தகிட, தகிட, தகிட தான் அது. 'த' மட்டும் கனமாக விழும். போட்டி ஆட்டத்தில் நிமிடத்துக்கு 28 முதல் 30 தகிட வரும். வியன்னீஸ் வால்ட்ஸும் அதே மூன்றுதான், ஆனால் நிமிடத்துக்கு 58 முதல் 60, அதாவது இரட்டிப்பு வேகம். டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா, சா சா சா போன்றவற்றைத் தகதிமி என்று எண்ணலாம். வில்லுப்பாட்டில் குடம் தட்டுகிறவரின் கையைப் பார்த்துத் தாளம் பிடித்த காதுக்கு இது கடினமே இல்லை. உங்கள் கையும் அவர் காலும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். பிரிகிற நொடியை வீடியோவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சட்டம்

மொத்தம் பத்து ஆட்டங்கள் அடிப்படை. வால்ட்ஸ், வியன்னீஸ் வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் ஐந்தும் பால்ரூம் பக்கம். சா சா சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஐந்தும் லத்தீன் பக்கம். பத்தையும் ஒரே வாரத்தில் படித்துவிட முடியாது. நான் சொல்வது, முதலில் மூன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்: வால்ட்ஸ், டாங்கோ, ரும்பா. இந்த மூன்றும் புரிந்தால் மற்றவை தாமாக வழிவிடும்.

வால்ட்ஸுக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நம் கண் பழகிய ஆட்டங்கள் மண்ணை நோக்கிப் போகிறவை. பரதத்தின் அரைமண்டி, கணியானின் சலங்கைக் கால், ஒயிலாட்டத்தின் மிதி எல்லாமே தரையை ஓங்கித் தொடுகின்றன. வால்ட்ஸ் தரையிலிருந்து எழுந்து மறுபடி தணிகிற ஆட்டம். ஒன்றில் குதிகாலை முன்னே வைத்து இறங்க வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் உடம்பு மேலே எழ வேண்டும். மூன்று முடிகையில் தணிய வேண்டும். ஊஞ்சல் போய் வருவது போல அது தெரிந்தால் வால்ட்ஸ் நடக்கிறது. உடம்பு ஒரே மட்டத்தில் வட்டமடித்தால், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும், அது வால்ட்ஸ் ஆகவில்லை.

டாங்கோவில் நேர் எதிர். அதில் எழுவதும் தணிவதும் கூடாது. முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். காலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். இதைச் சோதிக்க நம்மிடம் அருமையான அளவுகோல் இருக்கிறது. கரகாட்டக்காரர் கால் என்ன ஆடினாலும் தலைமேல் உள்ள கரகம் ஆடுவதில்லை அல்லவா? டாங்கோ ஆடுகிறவர் தலையில் ஒரு கரகம் இருப்பதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது தளும்புகிற இடமெல்லாம் பிழை. வால்ட்ஸில் நான் புகழ்கிற அதே எழுச்சி டாங்கோவில் குறை. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். "மிதந்தார்" என்று டாங்கோவைப் புகழ்ந்துவிடுவார்கள்.

ரும்பா மிக மெதுவான ஆட்டம், நிமிடத்துக்கு 25 முதல் 27 தகதிமி. மெதுவாக இருப்பதால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாத ஆட்டம் அது. இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைகளில் காலடி விழும். ஒன்றில் புதிய அடி கிடையாது. எடை முழுதும் காலுக்குப் போய் இடுப்பு அமர வேண்டிய நேரம் அது. பதற்றமுள்ளவர் அந்த ஒன்றைக் காத்திருக்க மாட்டார். இங்கே முன்பாதம்தான் முதலில் தரையைத் தொட வேண்டும், எடை ஏறும்போது முழங்கால் நேராகிவிட வேண்டும். முழங்கால் மடிந்தே கிடந்தால் இடுப்பு அசைவு பொய்யாகத் தெரியும். தோளை ஆட்டி அதை மறைக்கப் பார்ப்பார்கள். தோளையும் பாருங்கள்.

மற்றவற்றுக்கு ஒவ்வொரு குறிப்பு போதும். பாசோ டோப்ளேயில் ஆண் காளை அடக்குகிறவன், பெண் பெரும்பாலும் அவன் கையிலுள்ள துணி. நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஜைவில் உதைகள் கூர்மையாகவும் பாத நுனி நீண்டும் இருக்கின்றனவா, கடைசி இருபது நொடியில் மூச்சு விட்டுப்போகிறதா என்று பாருங்கள். சம்பாவுக்கு முழங்காலில் இருந்து வரும் துள்ளல். குவிக்ஸ்டெப்புக்கு வேகத்தில் கலையாத பிடி. அமெரிக்கன் ஸ்மூத் என்று ஒன்று வந்தால் அதில் பிடியை விடலாம், தூக்கலாம். மற்றவற்றில் தூக்குவது பெரும்பாலும் விதிமீறல், நடுவர்கள் அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

பிடி என்று சொன்னேன். பால்ரூம் ஆட்டங்களில் இருவரின் கைகளும் முழங்கைகளும் சேர்ந்து ஒரு சட்டகமாக நிற்கும். முழங்கை தொங்கினால், தோள் காதை நோக்கி ஏறினால், இரண்டு உடம்புகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சட்டகம் உடைந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். வீடியோவை எங்கே நிறுத்தினாலும் கண்ணுக்குப் படும்.

ஜோடியைக் கையால் மறைத்துப் பாருங்கள்

ஆட்டத்தை அமைப்பவர் ஜோடியாக வரும் தொழில்முறை ஆட்டக்காரர். தன் பிரபலத்தின் பலத்தை முன்னே வைத்து, பலவீனத்தை மறைத்து அமைப்பது அவர் திறமை. அது தவறல்ல, பாராட்ட வேண்டியது. ஆனால் விமர்சகர் அந்தத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. திரையில் தொழில்முறை ஆட்டக்காரர் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். மீதி இருப்பவர் ஆடுகிறாரா, நிற்கிறாரா? ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எத்தனை நொடி அவர் தன் எடையைத் தானே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினார், எத்தனை நொடி நின்று கையை மட்டும் விரித்தார் என்று எழுதுங்கள். "தொண்ணூறு நொடியில் முப்பத்தைந்து நொடி அவர் நின்றுகொண்டிருந்தார்" என்ற ஒரு வரிக்கு "ஆட்டம் சுமார்" என்ற பத்து வரி ஈடாகாது.

அதே நேரம், ஒரு வாரத்துக்கு முன் அந்த எண் அறுபதாக இருந்திருந்தால்? அப்போது முப்பத்தைந்து பெரிய வளர்ச்சி. அதனால் ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு பிரபலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வாரா வாரம் குறித்து வாருங்கள். பிரபலத்தைத் தொழில்முறை ஆட்டக்காரரோடு ஒப்பிடுவது அநியாயம். போன வார அவரோடு ஒப்பிடுவதே நியாயம்.

மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் உங்கள் மதிப்பெண்

ஆட்டம் முடிந்ததும் வீடியோவை நிறுத்திவிடுங்கள். நடுவர்கள் வாய் திறப்பதற்கு முன் பத்துக்கு எத்தனை, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். நடுவர் சொன்னதைக் கேட்ட பிறகு நம் கண் அவர் கண்ணாகிவிடும். பிறகு கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். பிரிட்டன் போட்டியில் 2004 முதல் 2016 வரை தலைமை நடுவராக இருந்த லென் குட்மேன் பால்ரூம் கற்பித்தே வாழ்ந்தவர். காலடியைப் பற்றி அவர் சொன்னவற்றைக் கேட்டே நான் பாதி கற்றுக்கொண்டேன். அவருக்குப் பின் வந்த ஷர்லி பல்லாஸும் போட்டி ஆட்டத்தில் ஊறியவர். உங்கள் ஏழும் அவர்களுடைய நாலும் மோதினால் வீடியோவுக்குத் திரும்பிப் போங்கள். சில நேரம் நீங்கள் தவறவிட்டது தெரியும். பார்த்த பிறகும் உங்கள் ஏழே சரி என்று பட்டால் அதையே எழுதுங்கள், காரணத்தோடு.

பிரிட்டனில் நான்கு நடுவர்கள், எனவே மொத்தம் 40. அந்த மதிப்பெண்ணோடு மக்கள் வாக்கும் சேரும். கடைசி இருவர் மறுபடி ஆட, யார் வெளியேறுவது என்று நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். இறுதிப் போட்டியில் மக்கள் வாக்கே முடிவு. இதனால் 'நன்றாக ஆடினாரா' என்பதும் 'தங்குவாரா' என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். 2008-இல் ஜான் சார்ஜென்ட் என்ற அரசியல் செய்தியாளருக்கு நடுவர்கள் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்தார்கள். மக்கள் விடாமல் வாக்களித்தார்கள். கடைசியில் அவரே நவம்பரில் விலகிக்கொண்டார். அமெரிக்காவில் 2018-இல் பாபி போன்ஸ் நடுவர்களிடம் குறைவாக வாங்கியும் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டே, கடைசி இருவரில் ஒருவரைக் காப்பாற்றும் அதிகாரம் நடுவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே பத்தியில் குழப்பாதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு பத்தி, வாக்குக்கு வேறொரு பத்தி.

உடம்பைப் பற்றி எழுதும்போது

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஆட்டம் உடம்பால் நடப்பது, ஆனால் உடம்பைப் பழிக்கும் உரிமை விமர்சகருக்கு இல்லை. எடை, வயது, நிறம், உடை எவ்வளவு மூடியது என்பதெல்லாம் உங்கள் பொருள் அல்ல. 2022-இல் பிரிட்டன் கோப்பையை வென்ற ஹம்ஸா யாசின் உருவத்தில் பெரியவர், காட்டுயிர்களைப் படமெடுப்பவர். அவர் காலடி மென்மையானது. உருவத்தைப் பார்த்து முடிவு கட்டியிருந்தால் காலைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

2021-இல் வென்ற ரோஸ் அய்லிங்-எல்லிஸ் காது கேளாதவர். அந்தப் போட்டியில் ஆடிய முதல் காது கேளாதவரும் அவரே. ஜியோவான்னி பெர்னிச்சேயோடு அவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் நடுவில் இசை சில நொடிகள் முழுக்க நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அசைவில் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கண்ணீரை எழுதவில்லை. தாளம் அவர் உடம்புக்குள் எவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருந்தது என்பதற்கு அந்த மௌனமே சான்று என்று எழுதினேன். 2024-இல் டயான் பஸ்வெல்லோடு வென்ற கிறிஸ் மெக்காஸ்லண்ட் பார்வையற்றவர். பார்த்துப் படிக்க வழியில்லாதவருக்குச் சொல்லாலும் தொடுகையாலும் ஓர் ஆட்டத்தைக் கற்பிப்பது என்ன வேலை என்று யோசியுங்கள். அவரைப் பற்றி எழுதும்போது "பாவம்" என்ற சொல்லும் வேண்டாம், அளவுக்கு மீறிய சலுகையும் வேண்டாம். எடை மாறியதா, பிடி நின்றதா, தாளம் பிசகியதா? எல்லாருக்கும் கேட்பதை அவருக்கும் கேட்பதுதான் மரியாதை.

இனி எழுதுங்கள்

"அருமையான ஆட்டம், ஜோடிப் பொருத்தம் சூப்பர், அரங்கமே அதிர்ந்தது." இப்படித் தொடங்குகிற விமர்சனம் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். எனவே எந்த ஆட்டத்தையும் சொல்வதில்லை.

ஒரு நடிகர் டாங்கோ ஆடினார் என்று வைத்துக்கொண்டு நான் எழுதிக் காட்டுகிறேன்: "முதல் இருபது நொடி அவர் நாற்காலியில் இருந்தார், ஜோடிதான் சுற்றி வந்தார். எழுந்து பிடி சேர்ந்ததும் தலை மட்டமாக நின்றது. மூலையில் திரும்பும் இரண்டு இடங்களிலும் உடம்பு மேலே எழும்பியது. டாங்கோவுக்கு அது ஆகாது. வலது முழங்கை கடைசி வரை இறங்கவில்லை, போன வாரம் அது தொங்கிக் கிடந்தது. முடிவில் முழங்கால் மடிப்பை விடாமல் அவர் வைத்த ஆறு அடிகளுக்காகவே நான் ஏழு கொடுக்கிறேன்." இதில் பெரிய சொல் எதுவும் இல்லை. படிக்கிறவர் வீடியோவைப் போட்டு நான் சொன்னது சரியா என்று சோதிக்கலாம்.

வினைச்சொற்களை நம்முடைய பேச்சிலிருந்தே எடுங்கள். காலை எடுத்து வைத்தார், இழுத்தார், ஊன்றினார், சறுக்கினார், இடுப்பை ஒடித்தார், தோள் துவண்டது, திரும்பும்போது தள்ளாடினார். ஆட்டங்களின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அவை பெயர்கள். அசைவுகளுக்கு மட்டும் தமிழில் சொல் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஆச்சி சொன்ன "பயந்துபோயி கெடக்கு" போல ஒரு சொல்லை எந்தப் பால்ரூம் அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

முன்னூறு சொல் போதும். எழுதியதும் பெயர்களின் எழுத்துக்கூட்டையும் மதிப்பெண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு ஆட்டத்தைப் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் அந்த ஆட்டக்காரர் கால் எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் வெளியிடுங்கள். முடியாவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை பாருங்கள்.